மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்

பெசன்ட் நகர் மாதா கோயிலில் தொடங்கி வேளாங்கண்ணி வரை, 300 கிலோமீட்டருக்கு மேல் கடலோரமாகவே நடந்து முடித்தவன் என்று கண்ணமங்கலத்தில் என்னைப் பற்றிச் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரைக்குமான 30 கிலோமீட்டருக்கும் மேலான சாலையில் என் கால் படவே இல்லை. நடக்காமல் விட்டதைக்கூட ஒருவேளை பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தூரத்தைப் பற்றி நான் சொன்ன பொய்யைப் பொறுக்க முடியாது.

நேர்த்திக்கடன் என் அத்தையுடையது. பேரன் வயது ஏறியும் காலூன்றி நிற்காமல் இருந்தபோது, அவன் நடந்தால் நானும் நடந்தே வருகிறேன் என்று வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் இது புதுசில்லை. அத்தை வீட்டுச் சுவரில் படவேட்டு ரேணுகாம்பாளும் மாதாவும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். பேரன் நடந்தான். அதற்குள் அத்தைக்கு இடுப்பு போய்விட்டது. “எனக்குப் பதிலா நீ போய்ட்டு வாடா கண்ணு” என்றாள்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன் காவி உடுத்திக் கிளம்பும் கூட்டங்கள் சப்பரத்தை இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் நடந்துவிடும். ஆரணி அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிற எனக்கு அத்தனை நாள் லீவு கிடைக்காது. விட்டுவிட்டு நடக்கிறேன் என்றேன். அத்தை ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்: எந்த இடத்தில் நின்றேனோ அடுத்த முறை அதே இடத்தில் காலை வைக்க வேண்டும்.

முதலில் அப்படித்தான் செய்தேன். வெயிலுக்குப் பயந்து விடியலுக்கு முன்பே நடையைத் தொடங்கிவிடுவேன். கிழக்குக் கடற்கரைச் சாலை நடக்கிறவர்களுக்காகப் போட்டதல்ல. பின்னால் லாரி வெளிச்சம் தெரிந்தாலே வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கி நிற்க வேண்டும். கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம். வயலூர் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் நெடுநேரம் நின்றேன். ஜவ்வாது மலையில் பிறந்து எங்கள் ஊரைத் தொட்டுப் போகும் நாகநதி, கமண்டல நாகநதியாகிச் செய்யாற்றில் சேர்ந்து, பாலாறாகக் கடலில் கலக்கிற இடம் அங்கிருந்து அதிக தூரமில்லை. கண்ணுக்கெட்டிய வரை மணல்தான் தெரிந்தது. ஆனாலும் எங்கள் ஊர்த் தண்ணீர் போகிற வழியில் நானும் வந்துவிட்டேன் என்று அப்படியொரு சந்தோஷம். அன்றைக்கு என்னிடம் கள்ளமில்லை.

ஆலம்பரைக் கோட்டையைக் கடந்து மரக்காணத்தில் அந்தக் கட்டத்தை நிறுத்தினேன். அடுத்த முறை இரவு பஸ்ஸில் வந்தேன். திண்டிவனத்தில் இறங்கி மரக்காணத்துக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டும். கண்டக்டர் “திண்டிவனம், திண்டிவனம்” என்று கூவினார். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். காலில் வலியில்லை, காய்ச்சலில்லை. பை மடியிலேயே இருந்தது. எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். பஸ் புதுச்சேரிக்குப் போனது. விடிந்ததும் அங்கிருந்து தெற்கே நடந்தேன்.

அதன் பிறகு ஒரு அடி விடவில்லை. கடலூர், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் என்று எல்லாம் காலால் போனதுதான். வேளாங்கண்ணியில் முட்டி போட்டு மெழுகுவத்தி ஏற்றினேன். வீட்டுக்கு வந்ததும் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வயதில் பெரியவள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒவ்வொரு ஊராகக் கேட்டாள். “மரக்காணம் வந்துட்ட. அதுக்கப்புறம்?” அதற்கப்புறம் மேற்கே கழுவெளிச் சதுப்பு நிலம் இருக்கிறது, அனுமந்தை இருக்கிறது, கூனிமேடு இருக்கிறது. 2021-இல் சரணாலயமாகி 2024-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்த கழுவெளியில் எத்தனையோ பறவைகள் வந்து இறங்குகின்றன. நான் எதையும் பார்த்தவனில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். உச்சிவெயிலில் தலை சுற்றியது, பனையோலைக் குடிசையிலிருந்து ஒரு பெண் வந்து சொம்பு நிறைய மோர் கொடுத்தாள், காசு வாங்கவில்லை.

அத்தை அழுதுவிட்டாள். நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனிடம் மாதா வந்து மோர் கேட்டாள், அவன் எழுந்து நடந்தான் என்பதுதானே வேளாங்கண்ணியின் பழங்கதை. கால் வராத பிள்ளைக்காக நடந்தவனுக்கு மாதாவே மோர் கொண்டுவந்திருக்கிறாள் என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள். இல்லை என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு வேண்டியிருந்தது. தெரு முழுக்கச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்காகத் தினமும் வேண்டிக்கொண்டாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஆகஸ்டில் எங்கள் தெருப் பையன்கள் நடைப்பயணம் கிளம்பினார்கள். அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொல்லி அத்தை ஒரு கைத்தறிச் சேலை கொடுத்தனுப்பினாள். மரக்காணம் தாண்டி அவர்கள் குடிசை குடிசையாக விசாரித்திருக்கிறார்கள். வெயிலில் ஒருவன் மயங்கி விழுந்து, டிரிப்ஸ் ஏற்றித்தான் தேறினான். சேலை மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. ஒரு பாவமும் அறியாத பையன் என் பொய்யைத் தேடிப்போய் ரோட்டில் விழுந்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விட்ட தூரத்தை இப்போது நடந்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

“நீ நடக்காததுக்கு நான் மாதாகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். மாதா வந்தா, மோர் குடுத்தான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனேடா. அவங்ககிட்ட யார் போய் இல்லேன்னு சொல்றது?”

நான் சொல்கிறேன் என்றேன். தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். மயங்கி விழுந்த பையனின் அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். ஊரை விட்டுப் போய்விட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.