அடியிலிருந்து ஒரு கைப்பிடி

நுழையும்முன்

எண்ணத்தைத் தொழிலாக்க முதல் வேண்டும். முதலைப் பெறப் பிறருடைய நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையைப் பெறும் முறையைக் கிளியனூரின் மல்லாட்டைக் களத்தில் கற்றுக்கொண்ட இளம் தொழில்முனைவோர் ஒருவரின் அனுபவம் இக்கட்டுரை.

களத்தில் பிறந்த எண்ணம்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் அமைந்த ஊர் கிளியனூர். எங்கள் வட்டாரத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். ‘டி.எம்.வி’ எனத் தொடங்கும் வேர்க்கடலை இரகங்களின் பெயர்களில் உள்ள அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய இரகங்கள் அவை.

ஆடிப்பட்டத்தில் விதைத்த மல்லாட்டையைப் பிடுங்கும் வேளையில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். ஓர் ஐப்பசியில், நாங்கள் சாலையோரம் உலர்த்தியிருந்த காய் முழுவதும் மூன்று நாள் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்தது. சிலவகைப் பூஞ்சைகள் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுக்கும். காயின் ஈரப்பதத்தை ஏறத்தாழ 8 விழுக்காட்டுக்குக் குறைத்த பின்னரே சேமிக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. என் ஆயா அந்தக் காயைக் கூடை கூடையாக அள்ளி எருக்குழியில் கொட்டினார். நான்கு மாத உழைப்பு ஒரு பிற்பகலில் குழிக்குள் போயிற்று.

பொறியியல் படித்து முடித்திருந்த நான், உலர்த்தும் கூடாரம் ஒன்றை அமைக்க முனைந்தேன். இரும்புக் குழாய்களை வில்லாக வளைத்து, அவற்றின்மீது ஒளி ஊடுருவும் தாளைப் போர்த்தினோம். வெயிலின் வெப்பம் உள்ளே தங்கும். ஈரக்காற்றை விசிறி வெளியேற்றும். மழை காயைத் தீண்டாது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து முதல் கூடாரத்தை எழுப்பினோம். அடுத்த அறுவடையில் 12 குடும்பத்தார் கூலி கொடுத்துத் தம் காயை அதில் உலர்த்தினர். மேலும் மூன்று கூடாரங்கள் அமைக்க விரும்பினேன். ஆனால், கையில் முதல் இல்லை.

முதல் தோல்வி

சென்னையில் முதலீட்டாளர்கள் கூடிய ஓர் அரங்கில் ஐந்து நிமிடம் பேச வாய்ப்புக் கிடைத்தது. நான்கு நிமிடங்களைக் கூடாரத்தின் அமைப்பை விளக்குவதிலேயே செலவிட்டேன். எஞ்சிய நேரத்தில், “100 உழவர்கள் எங்களோடு இருக்கிறார்கள்” என்றேன். அத்தனை பேர் வந்து பார்த்தது உண்மை. காயை உலர்த்தியவர்கள் பன்னிருவரே. முன்வரிசையில் இருந்த அம்மையார் ஒருவர், “அந்த 100 பேரில் பணம் கொடுத்தவர்கள் எத்தனை பேர்?” என்று கேட்டார். ‘பன்னிரண்டு’ என்னும் சொல் என் வாயிலிருந்து வெளிவர நெடுநேரமாயிற்று. அதன்பின் எவரும் எதுவும் கேட்கவில்லை.

இரவுப் பேருந்தில் ஊர் திரும்பி, நடந்ததை ஆயாவிடம் சொன்னேன். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை எங்கள் ஊரார் ‘கமிட்டி’ என்பார்கள். அங்கே வணிகர் காயைக் காதருகே குலுக்கிப் பார்ப்பார். நன்கு உலர்ந்த காயில் பருப்பு கலகலக்கும். பின்பு உடைத்து, பருப்பின் நிறத்தையும் திரட்சியையும் நோக்குவார். அந்தக் கமிட்டிக்குப் பல ஆண்டுகள் மூட்டை கொண்டு சென்றவர் ஆயா.

“ஏன் கண்ணு, வாங்க வர்றவன் மூட்டையில மேல இருக்கறதையா பாக்குறான்? அடியில கையை விட்டு ஒரு கை அள்ளிப் பாக்குறான். அவன் அள்ளறதுக்கு முன்ன நீயே அள்ளிக் காட்டிட்டா, அப்புறம் வெலை பேசறது சுளுவு” என்றார்.

கணக்கு கற்பித்த பாடம்

மறுநாள் ஒரு குறிப்பேட்டை எடுத்து, அடியில் இருந்தவற்றை எழுதத் தொடங்கினேன். பன்னிரு குடும்பங்களில் இரண்டாம் பருவத்திற்கு மீண்டும் வந்தவை ஒன்பது. வராத மூன்று வீடுகளுக்கும் சென்று காரணம் கேட்டேன். மூட்டையைக் கூடாரத்திற்கு ஏற்றிவர ஆகும் வண்டி வாடகை, உலர்த்தும் கூலியைவிட மிகுதி என்றார்கள். ஒரே இடத்தில் மூன்று பெரிய கூடாரங்கள் என்னும் என் திட்டம் தவறு என்பது அப்போதுதான் விளங்கியது. ஊருக்கு ஒரு சிறு கூடாரமே ஏற்றது. பிறர் கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சித் தேடிய விடை, என் தொழிலையே திருத்தியது.

முதலீடு என்பது கடன் அன்று. கடனுக்கு இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் வட்டி செலுத்த வேண்டும். பங்கு வாங்குபவரோ விளைச்சலிலும் இழப்பிலும் உடன் நிற்பவர். எங்கள் ஊரில் நிலத்தை வாரத்திற்கு விடுவது போன்றது அது. உடன் நிற்கப்போகிறவருக்குக் குறையையும் அறியும் உரிமை உண்டு.

அந்நாள்களில் வ.உ.சிதம்பரனாரின் கப்பல் நிறுவன வரலாற்றைப் படித்தேன். 1906இல் தூத்துக்குடியில் தொடங்கப்பெற்ற சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் என 40,000 பங்குகளாக அது பிரிக்கப்பட்டது. ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கினார். தொடக்கத்தில் சங்கத்திற்குச் சொந்தக் கப்பல் இல்லை; வாடகைக் கப்பலும் ஆங்கிலேயரின் நெருக்கடியால் கைவிட்டுப் போயிற்று. அந்நிலையில் வ.உ.சி. பம்பாய் வரை சென்று பங்கு திரட்டினார்; ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வந்தன. கப்பலைக் காணுமுன்பே பங்கு வாங்கியவர்கள், கேட்டவரின் சொல்லை நம்பியே பணம் தந்தார்கள். அந்தச் சொல்லைத்தான் நான் ‘100 உழவர்கள்’ என்று கூறிக் கெடுத்துக்கொண்டேன்.

மீண்டும் அரங்கில்

எட்டுத் திங்கள் கழித்து மற்றோர் அரங்கில் பேசினேன். எருக்குழியில் கொட்டிய காயைப் பற்றி ஒரு நிமிடம். கூடாரத்தைப் பற்றி ஒரு நிமிடம். ஒரு மூட்டையை உலர்த்த ஆகும் செலவும் பெறும் கூலியும் ஒரு நிமிடம். வராத மூன்று குடும்பங்களைப் பற்றி ஒரு நிமிடம். கேட்கும் பணத்தை எதற்குச் செலவிடுவேன் என்பதற்கு ஒரு நிமிடம். இம்முறை கேள்விகள் அரைமணி நேரம் நீண்டன. கேட்ட தொகையில் பாதி கிடைத்தது. ஓர் அறுவடையைப் பார்த்தபின் மீதியைப் பேசலாம் என்றார்கள்.

இப்போது எங்கள் வட்டாரத்தில் மூன்று சிறு கூடாரங்கள் நிற்கின்றன. அம்மாவின் சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை. கணக்கேட்டின் முதல் பக்கத்தில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன். புதிதாகத் தொழில் தொடங்க வழி கேட்டு வரும் இளைஞர்களிடம் அந்தப் பக்கத்தையே முதலில் காட்டுகிறேன்.