டிசம்பரில் பெய்த பனி

குல்மார்க்கின் கேபிள் கார் அஃபர்வாத் மலையில் 4,000 மீட்டரை நெருங்கும் உயரத்தில் இறக்கிவிடும். அங்கே கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டினால் காவல் இல்லாத மலை. என்னோடு சறுக்க வந்தவர்கள் கயிற்றருகே நின்று, "போகலாமா?" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். பல குளிர்காலங்களாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் தொழில். அந்தப் பதிலில் பாதி டிசம்பரிலேயே முடிவாகிவிடுகிறது.

முதல் பனி விழுந்ததும் காஷ்மீரில் 'ஷீன் முபாரக்' என்று வாழ்த்திக்கொள்வார்கள். பிறகு டிசம்பர் 21-இல் சில்லாய் கலான் என்னும் நாற்பது நாள் கடுங்குளிர் தொடங்கும். தரையில் அரை மீட்டர் பனி கிடக்க, வானம் வாரக்கணக்கில் தெளிந்திருந்தால் ஊரே மகிழும். எனக்கு வயிற்றைக் கலக்கும். தரையை ஒட்டிய பனி பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இருக்கும். மேற்பரப்போ இரவில் மைனஸ் 15-க்கு இறங்கும். 10 சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தாலே அடியிலிருந்து நீராவி மேலேறி, பனித்துகள்களைக் கோணல்மாணலான படிகங்களாக மாற்றத் தொடங்கிவிடும். இங்கே அதைப்போல் மூன்று மடங்கு. அந்தப் பனியை அள்ளிப் பாருங்கள், சர்க்கரையாக விரலிடுக்கில் வழியும். ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. ஜனவரியில் மேற்கிலிருந்து புயல் வந்து அதன்மேல் ஒரு மீட்டர் புதுப்பனியை இறக்கும். காற்று அதை இறுக்கிப் பாளமாக்கும். மணலைப் பரப்பி அதன்மேல் கான்கிரீட் தளம் போட்ட மாதிரி, மலை அப்படியே காத்திருக்கும்.

பாளம் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் உடைகிறது. 38-ஐ ஒட்டி அதிகம். சறுக்குவதற்கு மனம் ஏங்கும் சரிவுகளும் இவைதாம்.

குழி தோண்டிப் பார்ப்போம். 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பனித்தூண் வெட்டி, உச்சியில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் உடைந்தது என்று புதியவர்கள் எண்ணுவார்கள். நான் உடைந்த விதத்தைப் பார்ப்பேன். மேசை டிராயர் போலச் சட்டென்று வழுக்கி முன்னே வந்தால், 25-ஆவது தட்டானாலும் அந்தச் சரிவுக்கு நான் போவதில்லை.

குழியையும் முழுதாக நம்பக்கூடாது என்ற பாடம் ஒரு பிப்ரவரியில் கிடைத்தது. பனி ஆழமாக, தோண்ட வசதியாக இருந்த இடத்தில் குழி வெட்டினேன். முப்பது தட்டுக்கும் தூண் அசையவில்லை. நாற்பது அடி தள்ளி, பாறையை ஒட்டிப் பனி மெலிந்திருந்த இடத்தில் முதல் ஆள் திரும்பினார். 'ஊம்ம்' என்று காலடியில் மலை மூச்சுவிட்டது. விரிசல் எனக்கு மேலே குறுக்காக ஓடியது. பாளம் எங்களைத் தொடாமல் பக்கத்து ஓடையில் இறங்கிற்று. என் குழி சொன்னது அந்தக் குழியைப் பற்றி மட்டும்தான்.

அதைவிட என்னை உறுத்துவது உடையாத சரிவுகள்தாம். ஒரு சரிவில் பத்து முறை இறங்கி ஒன்றும் ஆகவில்லை என்றால், நான் சரியாகக் கணித்தேனா, தப்பிப் பிழைத்தேனா? மலை சொல்வதில்லை. பிழைத்ததையெல்லாம் அனுபவக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். 2010 பிப்ரவரி 8 அன்று இதே மலையின் கிலன்மார்க் பகுதியில் பயிற்சியிலிருந்த ராணுவத்தினர் 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். மலையே அவர்களின் பாடமாக இருந்தது. அதனால் ஒவ்வொரு மாலையும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்: இன்று நான் எங்கே தவறியிருக்கலாம்?

புதைந்தவருக்கு முதல் பத்து நிமிடம்தான் நல்ல வாய்ப்பு. அதற்குள் எந்த ஹெலிகாப்டரும் வராது; உடன் வந்தவர் தோண்டினால்தான் உண்டு. சிக்னல் கருவி, துழாவுகோல், மண்வாரி மூன்றும் இல்லாதவர் யாராக இருந்தாலும் கயிற்றைத் தாண்ட விடமாட்டேன்.

குல்மார்க் வந்தால், நேற்றிரவு எவ்வளவு பெய்தது என்று வழிகாட்டியிடம் கேட்காதீர்கள். டிசம்பரில் பெய்தது இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அவர் பின்னால் போகாதீர்கள்.