கடலில்லாக் கடற்காற்று

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் இங்கிலாந்தின் தென்கரையைப் பற்றிப் பாடம் சொல்லிக் கொண்டிருந்தோம். லண்டன்வாசிகள் உடம்பு தேறுவதற்காகக் கடற்கரையை நாடிச் சென்றதையும், அதனால் அங்கே புதுப் புதுக் குடியிருப்புகள் எழுந்ததையும் விவரித்துக் கொண்டிருக்கையில், மேற்கு ஜன்னல் வழியாகக் காற்று ஒன்று வந்து மேஜைமேல் இருந்த விடைத்தாள்களையெல்லாம் வாரி இறைத்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தாள்களைப் பொறுக்கிக் கொண்டே ஒரு பையன் கேட்டான்: "ஏனுங்க சார், நம்மூர்லதான் கடலே இல்லீங்களே, இந்தக் காத்து எங்கிருந்துங்க வருது?"

"கடலிலிருந்துதான்" என்றோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. வாத்தியார் ஹாஸ்யம் பண்ணுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் அது ஹாஸ்யமன்று. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் எழுந்து நிற்க, நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. மேற்குக் கடற்கரை நமது ஊரிலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரந்தான். வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரையில், அரபிக்கடலில் புறப்படும் காற்று, மழையின் பெரும் பகுதியை மலையாளத்தில் இறக்கி வைத்துவிட்டு, குளிர்ச்சியை எடுத்துக் கொண்டு அந்தக் கணவாய் வழியே கொங்கு நாட்டிற்குள் புகுகிறது. பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இந்தக் காற்றுத்தான். கோயமுத்தூருக்குக் கடல் இல்லை, கடற்காற்று உண்டு.

பழைய நகரத்திற்கு மேற்கே இருப்பதால் அந்தக் காற்றை முன்னதாக வாங்கிக் கொள்ளும் பாக்கியம் பெற்றது இரத்தினசபாபதிபுரம். இவ்வளவு நீளப் பெயரைச் சொல்ல நேரமில்லாத ஜனங்கள் அதை ஆர். எஸ். புரம் ஆக்கி விட்டார்கள். நாம் பிறந்து வளர்ந்த இடம் அது. அங்கே குடியிருப்பவர்களை "எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். "கோயமுத்தூருங்க" என்று சொல்லிவிட்டு, மூச்சு விடுவதற்குள் "ஆர். எஸ். புரம்" என்றும் சேர்த்துக் கொள்வார்கள். இந்தச் சிறு கர்வம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்தை ஒட்டி ஹோவ் என்ற கடற்கரைக் குடியிருப்பு இருக்கிறது. "பிரைட்டனிலா வசிக்கிறீர்கள்?" என்று கேட்டால், "உண்மையில் ஹோவ்" என்று திருத்துவார்களாம். 1997-ல் இரண்டு ஊர்களும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்து விட்டன. திருத்துவது மட்டும் நிற்கவில்லை.

அந்த ஹோவின் கதையைச் சற்றுப் பார்ப்போம். 18-ம் நூற்றாண்டில் பிரைட்டன் ஒரு மீன்பிடி ஊர். 1750-ல் ரிச்சர்டு ரஸ்ஸல் என்ற வைத்தியர், கடல் நீரில் குளிப்பதும் அதைக் குடிப்பதும் வியாதிகளைத் தீர்க்கும் என்று லத்தீன் பாஷையில் ஒரு புத்தகம் எழுதினார். சீமான்கள் கிளம்பினார்கள், பின்னர் இளவரசரும் வந்தார். 1820-களில் பக்கத்து ஹோவில், கடலைப் பார்த்த மாளிகை வரிசைகளாகப் புதிய குடியிருப்பு ஒன்றைக் கட்டலானார்கள். 1841-ல் லண்டனிலிருந்து ரயிலும் வந்து சேர்ந்தது. முன்வாசல்கள் கடலைப் பார்த்தன. வேலைக்காரர்களுக்கோ நிலத்தடி அறைகள். குதிரைகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் பின்புறச் சந்துகள். ஆரோக்கியத்தைத் தேடிப் போனவர்களின் ஊர், கட்டும்போதே இரண்டு வாசல்களோடு கட்டப்பட்டது.

நமது நாட்டுக்கும் அந்தக் கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. முதல் உலக யுத்தத்தில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்குப் பிரைட்டனில் இருந்த அரண்மனை ஆஸ்பத்திரியாயிற்று. அங்கே உயிர் நீத்த 53 ஹிந்து, சீக்கிய வீரர்களை ஊருக்கு வெளியே ஒரு புல்மேட்டின்மேல் தகனம் செய்தார்கள். 1921-ல் அவ்விடத்தில் எழுப்பிய வெள்ளைக்கல் சத்திரி இன்றும் நிற்கிறது. யாருடைய யுத்தத்திற்கோ போன நம்மவர்கள், யாருடைய கடற்காற்றிலோ கலந்து விட்டார்கள்.

நமது குடியிருப்பையும் வியாதிதான் கட்டியது. 1896-ல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக், ரயில் ஏறி நாடெங்கும் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கோயமுத்தூரையும் அது பலமுறை தாக்கிற்று. நெருக்கமான தெருக்கள், தானிய மூட்டைகள், மூட்டைக்கு மூட்டை எலிகள், எலிகளின்மேல் தெள்ளுப் பூச்சிகள் என்று பிளேக்குக்கு வேண்டிய சௌகரியங்கள் அனைத்தும் பழைய நகரத்தில் இருந்தன. எலி செத்து விழுந்தால் ஜனங்கள் வீட்டைப் பூட்டிக் கொண்டு, ஊருக்கு வெளியே தோட்டங்களில் சாளை போட்டுத் தங்குவார்கள். வேறு எந்த ஊரிலும் எளிதில் காணாத பெயரோடு, பிளேக் மாரியம்மன் கோயில்கள் நமது நகரத்தில் இன்றும் இருக்கின்றன. வியாதி போய்விட்டது, அதன் பெயரை மட்டும் அம்மன் விடவில்லை.

அந்தத் தோட்டத்துச் சாளைகளில் ஒன்றில்தான் நமது கொள்ளுத் தாத்தாவும் சில மாதங்கள் இருந்தார். ராஜ வீதிப் பக்கத்தில் பஞ்சுத் தரகு பார்த்தவர். தலைச்சன் பிள்ளையைப் பிளேக்குக்குக் கொடுத்து விட்டு வந்தவர், பழைய வீட்டிற்குத் திரும்ப மனமில்லாமல் இருந்தார். 1920-களில் நகரத்திற்கு மேற்கே, குறுக்கும் நெடுக்கும் நேரான தெருக்களோடு புதிய குடியிருப்பு உருவானபோது, அவர் தமது சேமிப்பையெல்லாம் திரட்டி ஒரு மனை வாங்கினார். அப்போது முனிசிபாலிடியின் தலைமையில் இருந்த திவான் பகதூர் சி. எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் குடியிருப்புக்கு வாய்த்தது; அவருடைய பட்டம் பெரிய வீதிக்கு வாய்த்தது. இன்று டி. பி. ரோட்டில் துணி வாங்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது திவான் பகதூர் ரோடு என்று தெரியுமோ!

நல்ல காற்றுக்குப் பின்னால் நல்ல நீரும் வந்தது. சிறுவாணி நீரைக் கோயமுத்தூருக்குக் கொண்டுவர வேண்டும் என்று எஸ். பி. நரசிம்மலு நாயுடு 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே வற்புறுத்தி வந்தார். அது நிறைவேற நெடுங்காலம் ஆயிற்று. 1920-களின் இறுதியில், மலையைக் குடைந்து கொண்டு வந்த அந்த நீர் நகரத்துக் குழாய்களில் பாய்ந்தது. பொதுப் பணத்தில், பொது ஜனங்களுக்கு, பொது வீதியில் நீர். கொள்ளுத் தாத்தா முதல் நாள் குழாயடியில் நின்று, குடிக்காமல் தண்ணீரையே பார்த்துக் கொண்டிருந்தாராம்.

ஆனால் இந்தக் கௌரவமான கதையில் ஒரு பகுதியை நமது குடும்பத்தார் சொல்வதே இல்லை. நமது வீட்டிற்கும் இரண்டு வாசல்கள். முன்வாசல் வீதியில், பின்வாசல், வீடுகளின் முதுகுகளுக்கிடையே ஓடும் ஒரு குறுகிய சந்தில். எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில், வாளியும் தகரமுமாகத் தோட்டி வேலைக்கு வந்தவர்கள் நடந்த வழி அது. பிளேக்குக்குப் பயந்து நாம் காற்றைத் தேடி வந்தோம். அந்தக் காற்று கெடாமல் காத்தவர்களுக்குச் சந்தைக் கொடுத்தோம்.

எடுப்புக் கக்கூஸ் போய், தண்ணீர்க் கக்கூஸ் வந்த பிறகும் சந்தைக் கூட்ட ஓர் அம்மாள் வந்து கொண்டிருந்தார். அவர் பின்வாசலில் தண்ணீர் கேட்டால், அப்பத்தா உயரத்திலிருந்து கையில் ஊற்றுவார். அப்பத்தா கொடியவர் அல்லர். பசித்து வந்தவரை அவர் வெறுங்கையோடு அனுப்பி நாம் பார்த்ததில்லை. ஆனால் வாசல் எது என்ற விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஓர் ஐப்பசி மாலையில் பெருமழை கொட்டியது. அந்த அம்மாள் பின்கதவு ஓரத்தில், ஓட்டுத் தாழ்வாரத்தின் கீழ் ஒதுங்கி நின்றார். நமக்கு எட்டு வயது. "உள்ளே வரச் சொல்லட்டுமா, அப்பத்தா?" என்று கேட்டோம். "கதவைத் தாப்பாள் போடு, கண்ணு, சாரல் அடிக்குது" என்றார். போட்டோம். தாழ்ப்பாள் சற்று இறுக்கமானது. இரண்டு கைகளாலும் தள்ள வேண்டியிருந்தது. கதவு மூடுகையில் அந்த அம்மாள் நம்மைப் பார்த்தார். சொன்னது அப்பத்தாவாக இருக்கலாம். தள்ளிய கைகள் நம்முடையவை.

1993-லும் 2013-லும் மனிதக் கழிவை மனிதர் சுமக்கும் கொடுமையைத் தடை செய்து சட்டங்கள் இயற்றினார்கள். நாம் அவற்றை வகுப்பில் பாடமாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இதற்கிடையில் அப்பத்தா காலமானார். பின்கதவுக்குச் சாயம் அடித்து அடித்து, அது நிலையோடு ஒட்டிப் போயிற்று. நாமும் அதை மறந்தோம்.

2021 மே மாதத்தில் கொரோனா இரண்டாம் அலை நமது ஜில்லாவைக் கடுமையாகத் தாக்கியபோது, வீட்டில் நால்வருக்கும் ஒரே சமயத்தில் காய்ச்சல். முன்வாசலுக்குப் பந்துக்கள் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, நாமும் அவர்கள் வாசலுக்குப் போயிருக்க மாட்டோம். மூன்றாம் நாள் காலையில் பின்கதவை யாரோ தட்டினார்கள். ஜன்னல் வழியே பார்த்தால், மாநகராட்சியின் துப்புரவுப் பணிப் பெண் ஒருவர். "ரெண்டு நாளா குப்பை வெளியே வரலீங்களே சார், முன்னாடி கூப்பிட்டேன், சத்தமே இல்லீங்க. நல்லா இருக்கீங்களா?" என்றார். மருந்துச் சீட்டை ஜன்னல் கம்பி வழியே வாங்கிக் கொண்டு போய், மருந்தும் நான்கு இளநீரும் கொண்டு வந்து வைத்தார். பத்து நாட்கள் இப்படி நடந்தது. ஊரே வீட்டுக்குள் ஒளிந்திருந்த காலத்தில், வியாதிக்காரர் வீட்டுக் குப்பையைக் கையால் எடுத்தவர் அவர்.

உடம்பு தேறியபின், "இந்தச் சந்தும் கதவும் உங்களுக்கு எப்படி அம்மா தெரியும்?" என்று கேட்டோம். "எங்க அம்மச்சி இந்தச் சந்துலதானுங்க வேலை பார்த்தாங்க. இந்த வீட்டுக் கதவை எனக்குச் சொல்லியிருக்காங்க" என்றார். அம்மச்சி என்ன சொல்லியிருந்தார் என்று நாம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

நேயர்களே, இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆர். எஸ். புரம் மாறி வருகிறது. ஓட்டு வீடுகள் போய் மாடிக் கட்டடங்கள் வந்து விட்டன, டி. பி. ரோட்டில் மோட்டார்களுக்கென்றே ஓர் அடுக்கு மாளிகை எழுந்திருக்கிறது. மனை விலை ஏற ஏறச் சந்தின் மேலும் கண் விழுகிறது. அதன் இரு முனைகளிலும் கேட் போட்டு, ஆளுக்குக் கொஞ்சமாகப் பின்புறத்தோடு சேர்த்துக் கொள்ளலாம் என்று அண்டை வீட்டார் சிலர் காகிதம் ஒன்றுடன் வந்தார்கள். "அந்தக் காலத்துத் தோட்டிச் சந்துதானுங்களே சார், இனி எதுக்குங்க?" என்றார்கள். நமது பங்குக்கு நூற்றிருபது சதுர அடி கிடைக்குமாம். ஆசை இல்லாமல் இல்லை. உபாத்தியாயர் சம்பளக்காரனுக்கு அந்த இடத்தில் நூற்றிருபது சதுர அடி என்பது லேசான விஷயமா?

பேனாவைக் கையில் எடுத்தபோது அந்தத் தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது. பொதுப் பணத்தில் வழியையும் நீரையும் வகுத்து வைத்தார்கள் என்பதுதான் இந்தக் குடியிருப்பின் பெருமை. அந்த வழியில் அவமானத்தை நடக்க விட்டது நமது பங்கு. அவமானத்துக்கு அடையாளமாக இருந்தது என்று சொல்லிப் பொதுவழியையே விழுங்கி விட்டால், இரண்டாம் முறையும் கதவைச் சாத்தியவர்கள் ஆவோம். கையெழுத்துப் போடவில்லை. அண்டை வீட்டாரோடு பேச்சு வார்த்தை சற்றுக் குறைந்திருக்கிறது.

மறுநாள் தச்சரை அழைத்துப் பின்கதவைப் பெயர்த்துத் திறந்தோம். முப்பது வருஷத்துச் சாயம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. திறந்த மாத்திரத்தில், மேற்குப் பார்த்த முன் ஜன்னலில் நுழைந்த காற்று கூடத்தைக் கடந்து சந்தில் இறங்கியது. காலண்டர் படபடத்தது. "இத்தனை வருஷமாக வீடு புழுங்குகிறது, புழுங்குகிறது என்று மின்விசிறிக்குச் செலவழித்தோமே" என்றாள் நமது மனையாள். வெளியே போக வழியில்லாத வீட்டுக்குள் எந்தக் கடற்காற்றும் வராது என்பதை, பௌதிகம் படித்த நாம் நாற்பத்தைந்து வயதில் தெரிந்து கொண்டோம்.

அந்தப் பணிப் பெண்ணிடம், "வேலை முடிந்ததும் கைகால் கழுவவும், உட்கார்ந்து சாப்பிடவும் இங்கே வாருங்கள், அம்மா, கதவு திறந்தே இருக்கும்" என்றோம். அவர் சற்று யோசித்தார். "வர்றேனுங்க சார். ஆனா முன்வாசல் வழியா வர்றேனுங்க" என்றார்.

அப்படியே வருகிறார். பின்கதவு இப்போது காற்றுக்கு மட்டுந்தான்.