வாசிக்கிறவன் மூஞ்சி எங்கே?

திருச்சி டவுன் ஸ்டேஷன்ல பாசஞ்சர் ஏறியாச்சு. காவிரிப் பாலம், ஸ்ரீரங்கம், கொள்ளிடம், உத்தமர்கோவில், வாளாடி... ஜன்னலுக்கு வெளியே வாழைத் தோட்டம். ஹெட்போன்ல 'சாட்டனூகா சூ சூ'. பக்கா ரயில் பாட்டு பாஸ்! 1941-ல வந்த 'சன் வேலி செரினேட்' மியூசிக்கல் காமெடிப் படத்துல, ட்ராம்போனும் கையுமா க்ளென் மில்லரே தன் பேண்டோட ஸ்க்ரீன்ல வந்து இதை வாசிப்பார். கதையிலயும் அவர் பேண்ட் லீடர்தான். அடுத்த வருஷம் 'ஆர்கெஸ்ட்ரா வைவ்ஸ்'. அப்புறம் ராணுவம். 1944 டிசம்பர்ல ஆங்கிலக் கால்வாய் பக்கம் விமானத்தோட காணாமப் போயிட்டார். க்ளாரினெட் புலி பென்னி குட்மேன் 1937-லயே 'ஹாலிவுட் ஹோட்டல்'ல சொந்தப் பேர்ல தலைகாட்டினவர்.

'இதுக்கும் லால்குடிக்கும் என்னடா சம்பந்தம்?'னு முறைக்காதீங்க. எங்க காலேஜ் பேண்ட்ல நான் கீ-போர்டு. கல்ச்சுரல்ஸ் போட்டோவுல பாடுறவங்க பளிச்னு இருப்பாங்க. என் முழங்கை மட்டும் ஓரமா இருக்கும். அந்தக் கடுப்புதான் சம்பந்தம்!

லால்குடியோட பழைய பேர் திருத்தவத்துறை. ஏழு ரிஷிகள் தவம் பண்ண இடமாம். சாமி பேரும் சப்தரிஷீஸ்வரர். சிவப்பு கோபுரத்தைப் பார்த்துட்டு வடக்கே இருந்து வந்தவங்க 'லால் குடி'ன்னு சொல்ல, அதுவே ஒட்டிக்கிச்சுன்னு ஒரு கதை. தியாகராஜர் இங்கே வந்து அஞ்சு கீர்த்தனை பாடியிருக்கார்: 'லால்குடி பஞ்சரத்னம்'.

ஆனா உலகத்துக்கு இந்த ஊரைச் சொன்னது ஒரு வயலின். லால்குடி ஜெயராமன். 1930-ல பொறந்தவர், 12 வயசுல பக்கவாத்தியமா மேடை ஏறினார். பாடகருக்குப் பக்கத்துல உட்கார்ந்த அதே வயலினை நடுவுல கொண்டுவந்து உட்கார வச்சார். 1966-ல புல்லாங்குழல் ரமணி, வீணை வெங்கட்ராமனோட சேர்ந்து வயலின்-வேணு-வீணைன்னு கச்சேரி. பாடகரே கிடையாது! நம்ம ஊர் பேண்ட் லீடர்னா எனக்கு இவர்தான்.

சினிமா? நம்மாளுங்க வாத்தியத்தைக் கேப்பாங்க, வாசிக்கிறவரைக் காட்ட யோசிப்பாங்க. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) நாதஸ்வரம், மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களோடது. நமக்கு ஞாபகம் இருக்கிறது சிவாஜியோட கன்னம். (நடிப்புல குறை சொல்லலை, அடிக்க வராதீங்க!) பம்பாயில கொஞ்சம் பரவாயில்லை. கோவாக்காரர் ட்ரம்பெட் சிக் சாக்லெட், 'அல்பேலா' (1951) படத்துல தன் பேண்டோட ஸ்க்ரீன்லயே வந்தார். இங்கேயும் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை 1940-ல 'காளமேகம்' படத்துல ஹீரோவாவே நடிச்சார். ஆனா அப்படி வந்தவங்க ரொம்பக் கம்மி.

லால்குடி சார் 'சிருங்காரம்' படத்துக்கு இசையமைச்சப்போ வயசு எழுபதைத் தாண்டியாச்சு. தேவதாசி ஒருத்தியோட கதை, சாரதா ராமநாதன் டைரக்‌ஷன். சிறந்த இசையமைப்புக்கான தேசிய விருது அள்ளினார். 2013-ல மறைஞ்சுட்டார். படத்துல அவர் முகம் கிடையாது, டைட்டில்ல பேர் ஓடும். அந்தப் பேர்ல முதல் வார்த்தையா இந்த ஊர் இருக்கு. ஸ்டேஷன்ல மஞ்சள் போர்டைப் பார்த்தப்போ எனக்கு வயலின்தான் கேட்டுச்சு.