கேட்காமல் எடுத்த முகம்

2018ஆம் ஆண்டு, அதிராம்பட்டினத்தில் ஒரு வலீமா விருந்து. சஹனைச் சுற்றி அமர்ந்திருந்த நம்மை யாரோ படம்பிடித்து ஃபேஸ்புக்கில் இட்டிருந்தார். நமது பெயரை எவரும் குறிக்கவில்லை. ஆயினும், அதில் நாம் இருக்கக்கூடும் என்று நமக்கு அறிவிப்பு வந்தது. முகத்தின் அமைப்பை எண்களாக்கி வைத்துக்கொண்டு, புதிய படங்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் வசதி. 2017 டிசம்பரில் அந்நிறுவனம் தொடங்கியது. கேட்காமல் எடுத்தார்களே என்று நமக்குக் கோபம்.

மறுவாரம் மாணவி ஒருத்தியின் தாயார் மதரஸா வாசலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், ஆண்டு விழாப் படத்துல எங்க மவ மொகம் தெரியுது. எடுத்துடுங்க" என்றார். அப்படத்தை இட்டது நாமே. எவரிடமும் கேட்கவில்லை. பிறர் வீட்டினுள் அனுமதியின்றி நுழையலாகாது என்னும் சூரத்துந் நூரின் 27ஆம் வசனத்தை ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கும் வாய் இது! உடனே நீக்கினோம். அதற்குள் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களுக்குச் சென்றதோ, அல்லாஹ்வே அறிவான்.

2021 நவம்பரில் ஃபேஸ்புக் அவ்வசதியை நிறுத்தி, 100 கோடிக்கும் மேற்பட்டோரின் முகப் பதிவுகளை அழிப்பதாக அறிவித்தது. படங்கள் அப்படியே இருக்கின்றன. பிறர் நம் பெயரைக் கோத்த படம் நமது ஒப்புதலின்றி நம் பக்கத்தில் தோன்றாதவாறு அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். அவர்கள் பக்கத்தில் கிடப்பதை அது மறைக்காது.

இப்போதெல்லாம் விழாவுக்கு முன்பே பெற்றோரிடம் கையொப்பம் கேட்கிறோம். சென்றமுறை 11 பேர் மறுத்தனர். அவர்களுடைய பிள்ளைகள் மேடையேறியபோது கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம்.