டார்ச் பிடித்தவள்

மழை நின்ற மண்ணுக்கு ஒரு பதம் உண்டு. காலை வைத்தால் அப்பிக்கொள்ளக் கூடாது. கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக வேண்டும், கீழே போட்டால் உதிர வேண்டும். தம்மம்பட்டியில் எங்கள் மேட்டுக் காட்டில் அந்தப் பதம் நான்கைந்து நாளைக்கு மேல் நிற்காது. அதற்குள் உழுதாக வேண்டும்.

வாடகை டிராக்டர் யார் காட்டுக்கு முதலில் போகும் என்பதற்கு ஊரில் எழுதப்படாத வரிசை ஒன்று இருக்கிறது. நிறைய ஏக்கர் வைத்திருப்பவர், டீக்கடையில் தோளில் கை போட்டுப் பேசுகிறவர், பங்காளி, மாமன், மச்சான் எல்லாம் முடிந்த பிறகு ஆண் இல்லாத வீட்டுக் காடு. “நாளைக்கு வந்துர்றேங்க்கா” என்பார்கள். அந்த நாளை வரும்போது மண் காய்ந்து கட்டி தட்டியிருக்கும். பிந்திய உழவில் மரவள்ளிக் கரணை ஊன்றினால் முளைப்பு பழுது, கிழங்கும் சிறுத்துப் போகும். ஒரு பெண்ணின் வருட வருமானம் இப்படிச் சத்தமே இல்லாமல் குறைகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நிலத்தைத் தங்கள் பொறுப்பில் சாகுபடி செய்பவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம்தான். அந்தக் கொஞ்சம் பேரும் உழவுக்கு யாரோ ஓர் ஆணின் ‘நாளை’க்காகக் காத்திருக்கிறோம்.

அதனால்தான் அப்பா விட்டுப்போன பழைய டிராக்டர் எனக்கு வெறும் இரும்பாகத் தெரியவில்லை. அவர் போன பிறகு காட்டையும் அம்மாவையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் வெளியூரில் வேலையில் இருக்கிறான். ஆடிப்பட்டத்துக்கு முன்னால் இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியது. ஐடிலில் நொண்டும், வெள்ளைப் புகை கக்கும், கலப்பையை மண்ணில் இறக்கினால் திணறும். பார்க்க வந்த மெக்கானிக் முதலில் கேட்டது, “வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?” பிறகு இன்ஜினை இறக்கி முழுசாக வேலை பார்க்க வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அண்ணன் போனில், “அந்தக் காசுக்கு அதையே வித்துரலாம், வாடகைக்கு ஓட்டிக்கலாம் பாப்பா” என்றான். வாடகை வரிசையில் அவன் நின்றதில்லை.

எங்கள் வீட்டில் டிராக்டர் பழுது பார்த்த இரவுகள் நிறைய. ஸ்பேனர் அண்ணன் கையில் இருக்கும், டார்ச் என் கையில் இருக்கும். அப்பா அவனுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் டார்ச் பிடிப்பவள் வேலை நடக்கும் இடத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. எந்த நட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது, எதைக் கழற்றினால் அப்பா முகம் மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். சமையலறையில் உட்கார்த்தி வைத்துக் கற்றுக்கொடுத்தது போல இதை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. ஆனாலும் கற்றிருந்தேன்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டரில் காற்று இறுக அமுக்கப்பட்டுக் கொதிக்கும். அந்தச் சூட்டில் டீசல் பனிப்புகை மாதிரி பீய்ச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே பார்க்க வேண்டியவை மூன்று: டீசல் சுத்தமாக வருகிறதா, காற்று போதுமான அளவு வருகிறதா, அமுக்கம் இருக்கிறதா. புகையும் பேசும். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான இன்ஜினும் வெள்ளையாகக் கக்கினால், பெரும்பாலும் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. எங்களுடையது வெள்ளை.

சுலபமானதிலிருந்து தொடங்கினேன். டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றினால் கீழே தண்ணீர் தனியாகத் தேங்கி நின்றது. பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் நீர் கோத்து இறங்கும். டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். கிண்ணத்தைத் துடைத்து, ஃபில்டர் இரண்டையும் மாற்றினேன். பைப்பைத் திறந்தால் காற்று புகுந்துவிடும், அதை வெளியேற்றாமல் இன்ஜின் ஒழுங்காக ஓடாது. ஃபில்டர் மேலிருக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருந்தேன். நுரை நின்று டீசல் சீராக வழிந்ததும் இறுக்கினேன். இன்ஜின் முன்பைவிட நன்றாக எழுந்தது. ஆனாலும் நொண்டியது.

மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை என்றால் எது என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். நல்ல சிலிண்டர் என்றால் சத்தம் இன்னும் மோசமாகும். செத்த சிலிண்டர் என்றால் சத்தம் மாறவே மாறாது. அந்த இடத்தில் துணியைச் சுற்றி, கையை விலக்கி வைக்க வேண்டும். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். துளை சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது. முதலாவதைத் தளர்த்தினேன், இன்ஜின் தள்ளாடியது. இரண்டாவதைத் தளர்த்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா திண்ணையிலிருந்து, “அதுதான் கண்ணு” என்றாள். முப்பது வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டவள் அவள். அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை.

இரண்டாவது நாசிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டேன். கோளாறும் மூன்றாவதுக்கு நகர்ந்தது. அப்படியானால் அமுக்கத்தில் குறையில்லை, குறை நாசிலில்தான். ஆத்தூரில் நாசில் சோதிக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். டெஸ்டரில் பொருத்தி அடித்தபோது புகையாய்ப் பீய்ச்ச வேண்டியது சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஒரே ஒரு நாசில். இன்ஜினை இறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மறுநாள் பதம் போவதற்குள் எங்கள் காட்டை உழுதேன்.

“ஆம்பள கணக்கா பண்ணிட்டியே” என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைத்தான் என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஸ்பேனருக்குப் பால் கிடையாது. கலப்பையைத் தூக்கி இறக்குவது ஹைட்ராலிக். அதற்குப் புஜபலமும் தேவையில்லை. ஏர் வந்த சமூகங்களில் விவசாயம் ஆணின் வேலையாகிப் பெண் ஓரங்கட்டப்பட்டதை எஸ்தர் போசரப் 1970இல் எழுதினார். இந்தியாவின் பல பகுதிகளில் பெண் ஏரைத் தொடுவதே விலக்காக இருந்ததை பினா அகர்வால் 1994இல் பதிவு செய்தார். மாடு போய் டிராக்டர் வந்த பிறகும் விலக்கு மட்டும் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 1933இலேயே சோவியத் உக்ரைனில் பாஷா ஆங்கெலினா பெண்கள் மட்டுமே கொண்ட டிராக்டர் குழுவை நடத்தினார். தொண்ணூறு வருடம் கழித்தும் இங்கே அது அதிசயம்.

இன்று வேளாண் இயந்திரங்களுக்கான ஒன்றிய அரசுத் திட்டத்தில் பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை மானியம் உண்டு. நல்லது. ஆனால் மானியத்தில் வாங்கிய வண்டி யார் பெயரில் நிற்கிறது, சாவி யார் இடுப்பில் இருக்கிறது, மிஸ்ஸிங் அடித்தால் யாரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்பவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்குச் சட்டம் வழி சொல்கிறது: தமிழ்நாட்டில் 1989 முதலே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை. கடைசிக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. அது கற்றுக்கொடுப்பவர்கள் கையில் இருக்கிறது.

அதனால் படிக்கிற பெண்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் மோட்டாரோ, மோட்டார் பம்போ, வண்டியோ பழுதாகும்போது நீங்கள் டார்ச் பிடித்திருப்பீர்கள். அடுத்த முறை அதை வேறு கைக்கு மாற்றிவிட்டு ஸ்பேனரை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்தே பாதி படித்திருக்கிறீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் அப்பாவின் பெயரை மாற்ற நானும் அம்மாவும் மனு கொடுத்திருக்கிறோம். மனுவில் இருப்பது அம்மாவின் பெயர்.