வெட்டாமல் எடை போடுவது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனவர்களுக்கு எடை மேடை தெரிந்திருக்கும். உருக்காலைக்குப் பழைய இரும்பு ஏற்றி வரும் லாரி முதலில் பாரத்தோடு மேடையில் ஏறும். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலியாக இன்னொரு முறை ஏறும். இரண்டையும் கழித்தால் சரக்கின் எடை. பில் போட்டுவிடலாம்!

சரி, மனிதனின் கல்லீரலை எந்த மேடையில் ஏற்றுவது?

அதே சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒரு தம்பி, கல்லீரல் கெட்டுப்போன அண்ணனுக்குத் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லீரல் வெட்டினாலும் மறுபடி வளரும். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமும் உடன்பிறந்தவர்களை நெருங்கிய உறவாக ஏற்கிறது. ஆனால் டாக்டருக்கு இரண்டு கேள்விகள். அண்ணனுக்குப் போகும் துண்டு போதுமா? தம்பியிடம் மிஞ்சுவது போதுமா? வெட்டிய பிறகு "போதாது" என்று தெரிந்தால் திரும்ப ஒட்ட முடியாது.

விடை சி.டி. ஸ்கேனில் இருக்கிறது. வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக நறுக்குவது போல ஸ்கேன் வயிற்றைப் படம் படமாகக் காட்டும். ஒவ்வொரு படத்திலும் கல்லீரலின் ஓரத்தைக் கோடு போட்டு, உள்ளே அடங்கும் பரப்பைத் தடிமனால் பெருக்க வேண்டும். பரப்பு 100 சதுர செ.மீ., தடிமன் அரை செ.மீ. என்றால் 50 கன செ.மீ. எல்லா வில்லைகளையும் கூட்டினால் மொத்தக் கன அளவு. அவ்வளவுதான்! 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியக் கணித அறிஞர் கவலியேரியின் யோசனை இது. ஸ்கேன் கருவியில் முதல் நோயாளியைப் படம் எடுத்தது 1971-ல். 1979-லேயே இந்த முறையில் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் அளந்து காட்டிவிட்டார்கள்.

ஒரு கன செ.மீ. கல்லீரல் ஏறக்குறைய ஒரு கிராம். பெறுபவரின் எடையில் 0.8 சதவீதம் துண்டு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அண்ணன் 70 கிலோ என்றால் 560 கிராம். கொடுப்பவரிடம் குறைந்தது 30 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். தம்பியின் கல்லீரல் 1,200, அதில் வலப் பகுதி 760 என்றால் மீதி 440, அதாவது 36 சதவீதத்துக்கு மேல். சரி! வலப் பகுதி 850 என்றால்? மீதி 350. 30 சதவீதம்கூட இல்லை. மனசு இருந்தும் அளவு இல்லை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. வராத லாபத்தைக் கணக்கில் எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு முன்பே ஒதுக்கிவை என்பது முதல் வருடப் பாடம். இங்கேயும் அதேதான். ஸ்கேன் எடுக்கும்போது கல்லீரலில் ரத்தம் நிறைந்திருக்கும். வெட்டி எடுத்ததும் அது வடிந்துவிடும். அதனால் ஸ்கேன் சொல்லும் அளவைவிட உண்மையான துண்டு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். விளிம்பில் நிற்கும் எண்ணை நம்பிக் கத்தியை எடுக்கக் கூடாது.

இப்படிப்பட்ட சிகிச்சையின் பலனுக்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த சஞ்சய் கந்தசாமிக்கு 1998-ல், 20 மாதக் குழந்தையாக இருந்தபோது, டெல்லி அப்பல்லோவில் அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று அது. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று டாக்டர்!

"முடியாது" என்று எண் சொல்லும் வீட்டில்? அண்ணன், மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் சேர வேண்டும். தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் 2008 முதல் நடக்கிறது. தம்பியைச் சொந்தக்காரர்கள் யாரும் "பயந்துவிட்டான்" என்று பேச வேண்டாம். அவர் நோயாளி அல்ல; இந்த ஆபரேஷனால் அவர் உடம்புக்கு ஒரு லாபமும் இல்லை. அவர் மறுபடி ஷிப்டுக்குப் போக வேண்டும் என்பதற்காகவும்தான் அந்தக் கணக்கு.